கனோவில் நடு இருக்கை

இரத்தினசிங்கமும் பேனாட்டும் கதைத்து ஆறு வருஷம். டென்மார்க்கின் சில்க்போர்க்கில் எங்கள் கட்டடத்தில் மூன்று குடும்பத்துக்கும் ஒரே படிக்கட்டு. பேனாட் மேல்மாடி, இரத்தினசிங்கம் கீழ்மாடி, நடுமாடியில் நான். யார் மேலே போகிறார்கள், யார் கீழே வருகிறார்கள் என்று கதவு ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு இல்லை. காலடிச் சத்தத்திலேயே தெரிந்துவிடும்.

கோபம் என்றால் கதவை அடித்துச் சாத்துகிற கோபம் அல்ல. எங்கள் ஆட்களின் கோபம் மிகவும் மரியாதையானது. கதைபேச்சை நிறுத்திவிடுவார்கள், அவ்வளவுதான். அதன் பிறகு சொல்ல வேண்டியது எதுவானாலும் மூன்றாம் ஆளிடம் சொல்லுவார்கள், மற்றவர் காதில் நன்றாக விழும்படியாக. எங்கள் கட்டடத்தின் உடுப்புத் தோய்க்கும் அறையில் இருவரும் ஒரே நேரத்தில் வந்து அகப்பட்டுக்கொண்டால் என்னைத்தான் தேடுவார்கள்.

"தங்கச்சி, மெசின் நிண்டுட்டுது எண்டு அந்தாளுக்குச் சொல்லுங்கோ" என்பார் இரத்தினசிங்கம்.

அந்தாள் மூன்றடி தள்ளி நிற்பார். நான் திரும்பி, "நிண்டுட்டுதாம் அண்ணை" என்பேன்.

"எனக்கும் காது கேக்கும் எண்டு சொல்லுங்கோ செலீனா" என்பார் பேனாட்.

இந்த வேலைக்கு எனக்குச் சம்பளம் கிடையாது. ஆனால் நேரம் போவது தெரியாது.

காரணத்தைச் சொன்னால் டெனிஷ்காரருக்குச் சிரிப்பு வரும், எங்கள் ஆட்களுக்கு வராது. பேனாட்டின் மகள் ஷாமிலாவுக்குக் கலியாணம் வந்தது. மாப்பிள்ளை பகுதி தலைநகர்ப் பக்கம், அல்பர்ட்ஸ்லுண்ட். பிள்ளைகள் இருவருமாகச் சேர்ந்து அழைப்பிதழைப் பூப்போட்டுப் பாட்டுப் போட்டு அழகாகச் செய்து, வைபரில் எல்லாருக்கும் ஒரே தட்டலில் அனுப்பிவிட்டார்கள். பேனாட் அதைப் பெரிய முன்னேற்றம் என்று நினைத்துக்கொண்டார். கீழ்மாடியில் இரத்தினசிங்கத்தின் போன் கிணுங்கியது.

"எங்கையோ பிரெடெரிசியாவிலை இருக்கிறவனுக்கும் எனக்கும் ஒரே மெசேச்சோ?" என்று என்னிடம் வந்து கேட்டார். "மேலை இருந்து படியிறங்கி வந்து, கதிரையிலை இருந்து, ஒரு தேத்தண்ணி குடிச்சுச் சொல்லேலாதோ? நான் என்ன, ஊர்பேர் தெரியாத ஆளோ?"

கலியாணத்துக்கு அவர் போகவில்லை. மனைவி ராசமலர் கட்டுவதற்கு எடுத்து வைத்த சீலையைத் திரும்ப மடித்து வைத்தாள். மண்டபத்தில் பேனாட் முன்வரிசையில் இரண்டு கதிரைகளைக் கடைசிவரை ஒருவரையும் இருக்கவிடவில்லை. சாப்பாடு முடிந்து மேசை துடைக்கும்போதும் அந்தக் கதிரைகள் வெறுமையாகத்தான் கிடந்தன. அன்றோடு சரி.

இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. நியாயம் உள்ள கோபம்தான் நீண்டகாலம் நிற்கும். ஒரு பக்கம் பிழை என்றால் அந்தப் பக்கம் எப்போதாவது இறங்கி வந்திருக்குமே.

அதற்கு முன் இருவரும் ஒரே காரில் ஒரே தொழிற்சாலைக்குப் போய்வந்தவர்கள். ராசமலருக்கு முதியோர் இல்லத்தில் பின்னேர வேலை. பள்ளிக்கூடம் விட்டால் அவளுடைய பிள்ளைகள் சாரங்கியும் ஜதுர்சனும் கீழ்மாடிக் கதவைத் தாண்டி நேரே மேல்மாடிக்குத்தான் ஓடுவார்கள். பேனாட்டின் மனைவி மேரிகிறேஸ் அவர்களுக்குச் வாயில் சோறு தீத்தி, தலை இழுத்துப் பின்னி, வீட்டுப்பாடம் செய்வித்து வளர்த்தாள். சாரங்கி தேவாரம் பாடமாக்குவதற்கு முன்பே செபமாலை சொல்லப் பழகிவிட்டாள் என்று இரத்தினசிங்கம் பெருமையாகக் குறைப்படுவார்.

அந்த மேரிகிறேஸ் இரண்டு வருஷத்துக்கு முன் செத்துப்போனாள். நல்லதுக்கு அழைத்தால்தான் போக வேண்டும், கெட்டதுக்கு அழைக்காமலே போக வேண்டும் என்பது எங்கள் ஆட்களின் சட்டம். இரத்தினசிங்கம் சட்டப்படி வந்தார். வேதக்கோவிலில் சவப்பெட்டி தூக்குவதற்கு ஒரு ஆள் குறைந்தபோது, ஒருவரும் கேட்காமலே முன்னுக்கு வந்து கைப்பிடியைப் பிடித்தார். மறுபக்கக் கைப்பிடியில் பேனாட். நான் பின்னால் பூவோடு போனேன். கல்லறைகளுக்குப் போகும் சேமக்காலைப் பாதை சறுக்கியது.

"தங்கச்சி," என்றார் இரத்தினசிங்கம் திரும்பிப் பார்க்காமல். "அந்தாளைக் கொஞ்சம் மெல்ல நடக்கச் சொல்லுங்கோ."

நான் சொன்னேன். பேனாட் மெல்ல நடந்தார். என் சீவியத்தில் நான் கொண்டுபோன சேதிகளில் இன்றைக்கும் மறக்காதது அதுதான்.

இனி இந்த வருஷத்துக்கு வருகிறேன். ஷாமிலாவுக்குக் குழந்தை பிறந்தது. பேனாட்டின் முழங்கால்களும் மேல்மாடிக்கு ஏறமாட்டோம் என்று அடம்பிடித்தன. தை பிறந்ததும் அல்பர்ட்ஸ்லுண்டுக்குப் போய் மகளோடு இருப்பதாக முடிவாயிற்று. சோபா யாருக்கு, ரீவி யாருக்கு என்றுகூடப் பேசி முடித்தாயிற்று. ஒன்றே ஒன்றுக்குத்தான் ஒழுங்கு இல்லை: மேரிகிறேஸின் கல்லறை.

இங்கே சேமக்காலை ஒரு பூங்கா மாதிரி. அவரவர் துண்டை அவரவர்தான் பார்க்க வேண்டும். புல்லுப் பிடுங்கி, கூழாங்கல்லை வாரிவிட்டு, மாரி வந்தால் பச்சைக் கொப்புகளால் மண்ணை மூடிவிட வேண்டும். பார்க்க ஆள் இல்லாதவர்களுக்குத் தோட்டக்காரர்கள் பார்ப்பார்கள், வடிவாகவே பார்ப்பார்கள். ஆனால் ஷாமிலா தொலைபேசியில் என்னிடம் அழாக்குறையாகச் சொன்னாள்: "அன்ரி, அப்பா ஒருவருக்கும் குடுக்கமாட்டாராம். இரத்தினம் அங்கிள்தான் பாக்கவேணுமாம். ஆனா கேக்கவும் மாட்டாராம். இல்லாட்டி வரமாட்டாராம். நான் என்ன செய்யிறது?"

அன்று பின்னேரமே நான் மேல்மாடிக்கு ஏறினேன். சும்மா, கருவேப்பிலை கேட்கத்தான்.

"ஏன் அண்ணை, கல்லறையை நான் பாக்கமாட்டனோ?"

"பாப்பியள்" என்றார் பேனாட். "பாத்திட்டு வந்து, என்ன பூ வைச்சது, ஆர் வந்தது, ஆர் வரேல்லை எண்டு டென்மார்க் முழுக்கச் சொல்லுவியள்."

சொன்னது உண்மைதான். வேறு வழியால் வந்தேன்.

"அப்ப நான் போய் இரத்தினம் அண்ணையிட்டைச் சொல்லிவிடட்டே?"

அவர் கருவேப்பிலைக் கொப்பை என் கையில் தந்தார். "மீன் வந்திருக்கு எண்டால் சொல்லிவிடலாம். மெசின் நிண்டுட்டுது எண்டால் சொல்லிவிடலாம். இதைச் சொல்லிவிடேலாது செலீனா. நீங்கள் போய்ச் சொன்னால், அவன் ஓம் எண்டாலும் எனக்கு வேண்டாம்."

இப்படி இருக்கும்போதுதான் லோனெயின் அறிவித்தல் படிக்கட்டுக்குக் கீழே ஒட்டப்பட்டது. லோனெ எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவி, ஓய்வுபெற்ற ஆசிரியை. டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் பஸ்ஸில் ஏற்றி, மேற்கே புல்வெளிக்குள் ஓடுகிற ஒரு சின்ன ஆற்றுக்குக் கொண்டுபோய் கனோ என்கிற ஒடுங்கிய வள்ளத்தில் விடுவது அவளுடைய வருடாந்த நேர்த்திக்கடன். கோடையில் ஏன் விடுவதில்லை என்று ஒருமுறை கேட்டேன். கோடையில் எல்லாரும் போவார்களாம்.

பெயர் கொடுப்பவர்கள் கீழே எழுத வேண்டும். பேனாட் எழுதியிருந்தார். குடியிருப்பை விட்டுப் போகும் முன் ஒருமுறை என்று லோனெயிடம் சொன்னாராம். நான் நம்பவில்லை, ஏனென்றால் அவர் பெயருக்கு மேலே ராசமலரின் கையெழுத்தில் இரத்தினசிங்கத்தின் பெயர் இருந்தது. பென்சன் எடுத்ததில் இருந்து மனுசன் சோபாவும் யூரியூப்பும் என்று கிடப்பதைப் பொறுக்க முடியாமல் அவள் எழுதிவிட்டிருந்தாள். பேனாட்டின் பெயரைக் கண்ட பிறகு இரத்தினசிங்கம் தன் பெயரை வெட்டுவாரா? வெட்டினால் பயந்து ஓடியதாகிவிடுமே. மூன்றாவதாக என் பெயரை நான் எழுதினேன். ஏன் என்று சொல்லத் தேவையில்லை.

ஆற்றங்கரையில் லோனெ ஆள் பிரித்தாள். அவளுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு ஒழுங்கு உண்டு: ஒரே படிக்கட்டு, ஒரே கனோ. இவர்கள் இருவரும் கதைப்பதில்லை என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கிழமையே கொம்மூனில், அதுதான் நகரசபையில், இருந்து ஒரு ஆலோசகரைக் கூட்டிவந்து, எல்லாரையும் வட்டமாக இருத்தி, கோப்பி ஊற்றி, நடுவில் ஒரு மெழுகுதிரியும் கொளுத்தி, "உங்கள் உணர்வுகளைச் சொல்லுங்கள்" என்பாள். அதைவிட ஆறு மேல்.

கனோவில் மூன்று இருக்கைகள். கடற்கரை ஊரான பேசாலையில் பிறந்த பேனாட் ஒருவரையும் கேட்காமல் பின்னால் போய் இருந்தார். திசை திருப்புகிறவர் இருக்கும் இடம் அது. கோண்டாவிலில் பிறந்த இரத்தினசிங்கம் கிணற்றுத் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீரை நம்பாதவர். வள்ளத்துக்குள் காலை வைத்து, எடுத்து, திரும்ப வைத்து, ஒருவழியாக முன்னால் இருந்தார். நடுவில் நான், என் மடியில் ஒரு பை. பைக்குள் சுடுதண்ணிப் போத்தல் நிறையத் தேத்தண்ணியும் ரோல்ஸும். துடுப்பு எனக்குத் தரவில்லை. நானும் கேட்கவில்லை. என் வேலை என்னவென்று எனக்குத் தெரியும்.

ஆறு என்று சொல்கிறேனே தவிர, பல இடங்களில் முழங்கால் அளவு தண்ணீர்தான். அடியில் மணல் வரிவரியாகத் தெரிந்தது. கரையோரம் கண்ணாடி மாதிரி மெல்லிய ஐஸ், கனோ உரசினால் கிறீச்சென்று உடைந்தது. இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் பழுப்புநிறப் புல். மாடுகளை எல்லாம் கொட்டிலுக்குள் கொண்டுபோய்விட்டார்கள், வேலிகள் மட்டும் சும்மா நின்று காவல் காத்தன. நடுப்பகல் தாண்டவில்லை, சூரியன் அதற்குள் வீட்டுக்குப் போகும் யோசனையோடு வானத்தின் அடியில் நின்றது.

ஆழமில்லாத ஆற்றில் என்ன பிரச்சினை என்றால், முன்னால் இருப்பவருக்குத்தான் கல்லும் திட்டும் தெரியும், பின்னால் இருப்பவர்தான் திருப்ப முடியும். முன்னவர் வாய் திறந்தால்தான் பின்னவர் கை வேலை செய்யும்.

"தங்கச்சி," என்றார் இரத்தினசிங்கம், "இடப்பக்கம் கல்லுக் கிடக்கு எண்டு சொல்லுங்கோ."

"பேனாட் அண்ணை, இடப்பக்கம் கல்லாம்."

கல் கனோவின் வயிற்றைச் சுரண்டிக்கொண்டு போனது.

"கல்லு எங்கை எண்டு கேட்டுச் சொல்லுங்கோ" என்றார் பேனாட்.

"இப்ப பின்னாலை எண்டு சொல்லுங்கோ" என்றார் இரத்தினசிங்கம்.

பத்து முழ நீளத்துக்குள் மூன்று பேர். குளிரில் சத்தம் தெளிவாகக் கேட்கும். ஆனாலும் நான் சொல்லும்வரை பேனாட் துடுப்பை அசைக்கமாட்டார். நான் சொல்லி முடிக்க, கல்லோ கட்டையோ எங்களைச் சந்தித்துவிட்டுப் போயிருக்கும். நாணலுக்குள் இரண்டு முறை புகுந்து வந்தோம். மற்றக் கனோக்கள் எல்லாம் எங்களைத் தாண்டிப் போய் வளைவில் மறைந்தன. வழிதவறுகிறவர்களைக் கூட்டி வருவதற்காக லோனெ மட்டும் எங்கோ பின்னால் கடைசியாக வந்துகொண்டிருந்தாள்.

"கண்ணை எங்கை வைச்சிருக்கிறார் எண்டு கேளுங்கோ" என்று முன்னால் இருந்து வந்தது.

"கொஞ்சம் முந்திச் சொன்னால் நல்லதாம்" என்றேன் பின்னால் திரும்பி, ஆனால் தவறான ஆளுக்குத் தவறான சேதி. இவ்வளவு போக்குவரத்தில் ஒன்றிரண்டு மாறிப்போவது வழக்கம்தானே.

இதற்கிடையில் நான் பேனாட்டைக் கவனித்தபடியே இருந்தேன். அவர் வாய் இரண்டு மூன்று தடவை திறந்தது. "இரத்தி..." என்றுகூட ஒருமுறை வந்தது. இரத்தினசிங்கத்தின் முதுகு உடனே நிமிர்ந்தது.  பேனாட் என்னைப் பார்த்தார். பிறகு, "செலீனா, தொப்பியைக் காதுக்கு இழுத்துவிடச் சொல்லுங்கோ, காத்து அடிக்குது" என்றார்.

"தொப்பியை இழுக்கட்டாம்" என்றேன்.

இரத்தினசிங்கம் இழுக்கவில்லை. கொஞ்சநேரம் கழித்து, நான் பார்க்கவில்லை என்று நினைத்தபோது, இழுத்தார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது, நான் அங்கே இருக்கும்வரை அந்தக் கேள்வி வராது. வந்தாலும் என் வழியாகத்தான் வரும். என் வழியாக வந்தால் அது மெசின் நின்ற சேதி மாதிரி ஆகிவிடும். ஆறு வருஷமாக இந்த இருவரையும் நான்தான் கதைக்க வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு பெருமை எனக்குள் இருந்தது. நான் இல்லாவிட்டால் இவர்கள் இரண்டாம் வருஷமே பொறுக்க முடியாமல் கதைத்திருப்பார்களோ? ஆற்றுக்கு நடுவில், டிசம்பர் மாதத்தில், இப்படி ஒரு யோசனை வருவது உடம்புக்கு நல்லதில்லை.

அடுத்த வளைவில் தரை தட்டினோம். சும்மா தட்டல் இல்லை, ஒரு மணல்திட்டின் முதுகில் ஏறி, கனோ வெகு நிம்மதியாக இருந்துவிட்டது. சுற்றிக் கணுக்கால் அளவு தண்ணீர். இரத்தினசிங்கம் துடுப்பால் உந்தினார். அசையவில்லை. பேனாட் தன்னை மறந்து, பேசாலைக் கடலில் வள்ளம் தட்டினால் எல்லாரும் செய்கிற மாதிரி, இறங்கித் தள்ளுவதற்கு ஒரு காலைத் தூக்கி வெளியே போட்டார்.

"விசரே உனக்கு! இது ஐஸ் தண்ணி!" என்றது முன்பக்கம்.

பேனாட் காலை அந்தரத்தில் வைத்தபடி நின்றார்.  அந்த வசனம் என் வழியாக வரவில்லை என்பதை அதைச் சொன்னவர்தான் கடைசியாகக் கவனித்தார். கவனித்ததும் இருமினார்.

"எண்டு சொல்லுங்கோ தங்கச்சி" என்றார்.

பேனாட் காலை உள்ளே எடுத்தார். பிறகு இருவரும் ஒரேநேரத்தில் என்னைப் பார்த்தார்கள். என் உடம்பின் பாரத்தைப் பற்றி இருவருக்கும் ஒரே கருத்து இருந்தது என்பது பார்த்ததும் விளங்கியது. கரை கையெட்டும் தூரம், திட்டின் ஒரு பக்கம் புல்லோடு சேர்ந்திருந்தது.

"அக்கா தங்கச்சிமாரை இறக்கிறது மரியாதை இல்லை" என்று இரத்தினசிங்கம் தொடங்கினார்.

"மரியாதை கிடக்கட்டும், தள்ளுங்கோ" என்று நான் புல்லைப் பிடித்துக்கொண்டு கரையில் ஏறினேன். சப்பாத்து கொஞ்சம் நனைந்தது, மற்றும்படி சுகம்.

பாரம் இறங்கியதும் கனோ எழும்பியது. பேனாட் மணலில் துடுப்பை ஊன்றி ஒரு தள்ளுத் தள்ள, அது வழுக்கிக்கொண்டு நீரோட்டத்துக்குள் போய்விட்டது. என்னை ஏற்றுவதற்குத் திரும்பி வரப் பார்த்தார்கள். ஒருவர் துடுப்பை முன்னுக்கு வலிக்க, மற்றவர் பின்னுக்கு வலிக்க, கனோ நின்ற இடத்தில் வட்டம் சுற்றியது.

"போங்கோ! நான் நடந்து வாறன்!" என்று கத்தினேன். நெருப்பு மூட்டி எல்லாரும் காத்திருக்கும் இடம் அடுத்த பாலத்துக்குப் பக்கத்தில்தான்.

கரையோரம் ஒரு ஒற்றையடிப் பாதை இருந்தது. நான் கனோவுக்குச் சமமாக நடந்தேன்.  பிறகு இரத்தினசிங்கம் தலையை அரைவாசி திருப்பி, பழக்கதோஷத்தில் நடு இருக்கைக்குச் சொன்னார்:

"வலப்பக்கம் மரம் விழுந்து கிடக்கு எண்டு சொல்லுங்கோ."

நடு இருக்கையில் நான் விட்டுவந்த பை இருந்தது.

"மரத்தைக் கண்டுட்டன் எண்டு சொல்லுங்கோ" என்றார் பேனாட் பையைப் பார்த்து.

"கண்டால் திருப்பச் சொல்லுங்கோ."

"திருப்பிக்கொண்டுதான் இருக்கிறன் எண்டு சொல்லுங்கோ."

என்னைவிட அந்தப் பை வேகமாக வேலை செய்தது. கனோ மரத்தைத் தொடாமல் தாண்டியது. கரையில் தனியாக நடந்தபடி சிரித்தேன், சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. இரண்டு கிழவர்கள் ஒரு ரோல்ஸ் பையோடு கதைத்துக்கொண்டு ஆற்றில் போகிறார்கள். ஒருவர் தை மாதம் போய்விடுவார். மற்றவர் கீழ்மாடியில் இருந்து, மேலே காலடிச் சத்தம் கேட்காத படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். கல்லறைக்கு யாரோ ஒரு தோட்டக்காரர் கொப்பு வைப்பார்.

அப்போது பேனாட் துடுப்பை முன்னால் நீட்டினார். என் பையின் வாரில் அதைக் கொளுவி, மெல்ல இழுத்து, தன் காலடியில் வைத்துக்கொண்டார். நடுவில் ஒன்றும் இல்லை.

சரியாக அந்த இடத்தில் எனக்கு முன்னால் ஒரு வாய்க்கால் வந்தது. வயலுக்குள் இருந்து வந்து ஆற்றில் விழுகிற வாய்க்கால், தாண்ட முடியாத அகலம். மாடுகள் கடப்பதற்குப் போட்ட பலகை உள்ளே தூரத்தில் தெரிந்தது. என் ஐம்பத்தாறு வயதில் கதை கேட்கத் தவறிய இடங்கள் மிகக் குறைவு. நான் ஓடினேன். பெரிய ஜாக்கெட்டும் நனைந்த சப்பாத்துமாக உறைந்த புல்லின் மேல் ஒரு பெண் ஓடுவதை அந்த வேலிகள் இதற்கு முன் பார்த்திருக்காது.

பலகையைத் தாண்டும்போது ஆற்றுப் பக்கம் இருந்து இரத்தினசிங்கத்தின் குரல் உரத்து வந்தது.

"என்னட்டையோ கேக்கிறாய்?"

"உன்னட்டைக் கேக்காமல் ஆரட்டைக் கேக்க?" என்றார் பேனாட்.

"ஏன்? இதையும் வைபரிலை போட்டுவிட்டிருக்கலாமே! பூவும் போட்டு, பாட்டும் போட்டு!"

பிறகு ஒன்றும் இல்லை. நான் பலகையில் நின்றேன். கனோ கவிழ்ந்துவிட்டதோ என்றுகூட நினைத்தேன். ஒரு காகம் கத்திவிட்டுப் போனது.

"நேரை வந்து கேக்கிறன்" என்றார் பேனாட். அவர் குரலை நான் அப்படிக் கேட்டதில்லை. "வீட்டுப் படி இறங்கி வந்து கேக்க எனக்கு வாய் வரேல்லை. அதுதான் இஞ்சை வந்து கேக்கிறன். அண்டைக்கும் நான் வந்திருக்கவேணும். பிள்ளையள் அனுப்பிப்போட்டினம், எனக்குச் சுகமாப் போச்சு எண்டு இருந்திட்டன்."

அதற்குப் பதிலாக இரத்தினசிங்கம் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. மெல்லத்தான் சொன்னார். நான் ஆற்றங்கரைக்குத் திரும்பி வருவதற்குள் அந்தப் பகுதி முடிந்துவிட்டது. பிறகு இருவரிடமும் எவ்வளவோ சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தேன். ஒருவரும் சொல்லவில்லை.

நான் வந்தபோது கனோ அடுத்த திட்டில் தட்டி நின்றது. தட்டியதை இருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. முன்னால் இருந்தவர், வள்ளத்துக்குள் கால் வைக்கவே பயந்த மனுசன், முழுதாக எழும்பித் திரும்பி, பின்பக்கம் பார்த்து நடு இருக்கையில் இருந்துகொண்டிருந்தார். இருவரின் முழங்கால்களுக்கும் இடையில் என் சுடுதண்ணிப் போத்தல் திறந்திருந்தது. மூடியில் ஆவி பறந்தது. ஒரே மூடியில் மாறி மாறிக் குடித்தார்கள். என் ரோல்ஸையும் விட்டுவைக்கவில்லை.

"பிளாஸ்டிக் பூ வைச்சால் என்ன?" என்றார் இரத்தினசிங்கம் வாய் நிறைய ரோல்ஸோடு. "மழைக்கு நிக்கும். பனிக்கும் நிக்கும்."

"அவளுக்குப் பிளாஸ்டிக்கைக் கண்டாலே ஆகாது."

"எனக்குத் தெரியாதோ? என்ரை வீட்டுப் பிள்ளையாருக்குப் போட்ட பிளாஸ்டிக் மாலையைக் கழட்டிக் குப்பைக்கை போட்டவள். வேதக்காரி வந்து என்ரை சாமியறையைத் துப்பரவாக்கினவள்!"

"பிறகு ஏன் கேக்கிறாய்?"

"நீ என்ன சொல்லுறாய் எண்டு பாக்கத்தான். போற ஆள், எப்பிடியும் செய் எண்டு விட்டிட்டுப் போறியோ எண்டு."

பேனாட் மூடியை வாங்கிக் குடித்தார்.

"நவம்பரிலை கல்லறைத் திருநாளுக்கு மெழுகுதிரி கொளுத்தவேணும். காத்துக்கு நூருற இடம். கண்ணாடிக் கூட்டுக்கை வை."

"காலமை நடக்கப் போறது அந்த வழியாலைதானே. பாத்துக்கொள்ளுவன்."

"திருநீறு கொண்டுபோய்ப் பூசிவிடாதை."

"பூசினால் என்ன, எழும்பி வந்து ஏசுவாளோ?"

"ஏசுவாள்" என்றார் பேனாட்.

இருவரும் சிரித்தார்கள் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் இரத்தினசிங்கம் கையுறையைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். பேனாட் தண்ணீரைப் பார்த்தார், அடியில் மணல் வரிவரியாகத் தெரியும் அந்தக் கொஞ்சத் தண்ணீரை, ஏதோ பெரிய ஆழம் இருக்கிற மாதிரி.

பின்னால் துடுப்புச் சத்தம் கேட்டது. லோனெ வந்துவிட்டாள். திட்டில் ஏறிக் கிடக்கும் கனோவையும், ஆறு போகும் திசைக்கு முதுகு காட்டி இருக்கும் இரத்தினசிங்கத்தையும், கரையில் நிற்கும் என்னையும் பார்த்து அவள் முகம் மாறியது.

"ஏதாவது பிரச்சினையா? தள்ளிவிடவா?" என்று டெனிஷில் கேட்டாள்.

"இல்லை லோனெ" என்றேன். "கதைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவ்வளவுதான்."

"அப்படியென்றால் நல்லது" என்றாள். அவளுக்கு அதில் என்ன விசேஷம் தெரியப்போகிறது? நெருப்புக்குப் பக்கத்தில் சூடாகக் குடிக்க இருக்கிறது, ஆறுவதற்குள் வாருங்கள் என்று சொல்லிவிட்டு, மறுபக்கம் ஆழம் பார்த்து வலித்துக்கொண்டு போனாள்.

அவள் போனதும் இரத்தினசிங்கம் குரலைத் தாழ்த்தி ஏதோ சொல்லத் தொடங்கினார். மேரிகிறேஸின் பெயர் காதில் விழுந்தது. சாரங்கியின் பெயரும் விழுந்தது. நான் நின்ற இடத்தில் எல்லாம் நன்றாகக் கேட்டது, குளிரில் சத்தம் அப்படித்தான் வரும். பாதையில் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றேன். அங்கேயும் கேட்டது. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனேன்.